அடுப்படி மேடை யார் உயரத்துக்கு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், வீடுதான் நன்றாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் "ம்" என்கிறாய், சாப்பிட்டாயா தூங்கினாயா சளி விட்டதா என்பதெல்லாம் அந்த "ம்"முக்குள் அடங்கிவிட்டதாக உனக்கு எண்ணம், எனக்கு அடங்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. இரண்டு நாளைக்கு ஒருமுறை முகம் பார்த்துப் பேசுகிறவளுக்கு என்னத்துக்குக் கடிதம் என்று சிரிப்பாய். உன் முகத்தைப் பார்த்தவுடன் எனக்குச் சொல்ல வந்ததில் பாதி மறந்துவிடுகிறது, மீதிப் பாதிக்கு வாயைத் திறந்தால் உனக்கு இடைவேளை முடிந்துவிடுகிறது, இதற்கு நடுவில் அப்பா போனை ஏறுக்குமாறாகப் பிடித்து உனக்கு மின்விசிறியைக் காட்டிக்கொண்டிருக்கிறார். கடிதத்தில் யாரும் என் பேச்சை வெட்டமுடியாது. அதோடு, போன மாதம் நீ என்னிடம் ஒன்று கேட்டாய், இங்க ஆஸ்பத்திரியிலயே நிரந்தரமா இருந்துடச் சொல்றாங்கம்மா, கையெழுத்துப் போடவா வேணாமா, நீங்க என்ன சொல்றீங்க என்று. நான் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை அப்பா கையில் கொடுத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை ஒன்றும் இல்லை. நீ கேட்டதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, ஆனால் அடுப்படி கான்ட்ராக்டர் கதையைச் சொல்லாமல் அதைச் சொன்னால் உனக்கு விளங்காது, பொறுமையாக உட்கார்ந்து படி.

அடுப்படி நீ பார்த்துவிட்டுப் போன அடுப்படியாக இல்லை. சுவருக்குள் ஓடுகிற பைப் எங்கோ விட்டுப்போய், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பின்னால் இருக்கிற சுவர் முழுக்க ஊறிக் கிடக்கிறது, கை வைத்தால் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது, மேடைக்கல் விரிசல் விட்டு ஒருபக்கம் இறங்கிவிட்டது. நான் பாத்திரத்துக்கு அடியில் துணியை மடித்து முட்டுக்கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன், அதைப் போனில் பார்த்துவிட்டுத்தானே அன்றைக்கு அந்தக் குதி குதித்தாய். பூசி மெழுகற வேலையே வேணாம்மா, மொத்தமா இடிச்சிட்டுப் புதுசா கட்டுங்க, ஒரு ஆளை மட்டும் பாத்துட்டுத் தலையாட்டாதீங்க, மூணு பேரையாவது வரச்சொல்லுங்க, அவங்க முன்னாடி செஞ்ச வேலையை நேர்ல போய்ப் பாருங்க, எது எது செய்வோம்னு எழுதி வாங்குங்க என்று மூச்சுவிடாமல் சொன்னாய். செலவு உன்னுடையது என்றும் சொன்னாய், அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை, அந்தச் சண்டை அப்படியே இருக்கட்டும். மற்றபடி நீ சொன்னதையெல்லாம் அட்சரம் பிசகாமல் செய்தேன், அம்மா சொல்பேச்சுக் கேட்பதில்லை என்று இனி அப்பாவிடம் கோள் சொல்லாதே.

முதலில் வந்தவர் பெரிய தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம் வைத்திருப்பவர். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, காலர் தைத்தவன் யாரோ கைகாரன், அதைத்தான் முதலில் பார்த்தேன், தையற்காரி கண் வேறு எங்கே போகும். அவருக்கு நான் வைத்த பெயர் ஆமாஞ்சாமி. ஜன்னலைப் பெரிதாக்க முடியுமா என்றால் பண்ணிடலாம்மா என்றார், தொட்டியை எதிர்ப்பக்கம் மாற்றமுடியுமா என்றால் தாராளமா பண்ணிடலாம்மா என்றார். ஒரு ஆள் இப்படி எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் எனக்கு உடம்பு கூசும், ஆகவே வேண்டுமென்றே, அடுப்படியை அப்படியே தூக்கி மொட்டைமாடியில் வைத்துவிட்டால் காற்றோட்டமாக இருக்குமே என்றேன். அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், அதுக்கும் ஒரு வழி பாக்கலாம்மா என்றார். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது ஆள் உன் சின்ன மாமா அனுப்பியது. என் தம்பி சும்மா இருப்பானா, வீட்டில் ஆணி அடிப்பது என்றால்கூட அவனுக்குத் தெரிந்த ஒருவன் இருப்பான். நம்ம பையன்க்கா, கண்ணை மூடிக்கிட்டு குடுக்கலாம் என்றான். அந்த நம்ம பையன் வந்த நேரத்திலிருந்து போகிற நேரம்வரை காதில் போனை வைத்துக்கொண்டே நம் அடுப்படியைச் சுற்றினான், இதோ வந்துட்டேன் இதோ வந்துட்டேன் என்று வேறு யாருக்கோ சொல்லிக்கொண்டே நம் சுவரை அளந்தான். நம்மிடம் நிற்கும்போது அவர்களுக்கு வந்துகொண்டிருக்கிறான் என்றால், நாளைக்கு அவர்களிடம் நிற்கும்போது நமக்கும் வந்துகொண்டேதான் இருப்பான் என்று புரிந்துவிட்டது. இதைச் சொன்னதற்குத் தம்பி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்விட்டான், நீ ஒருதரம் கூப்பிட்டு மாமா என்று இரண்டு வார்த்தை பேசு, இளகிவிடுவான்.

நீ சொன்னபடி இரண்டு பேரும் செய்த வேலையையும் போய்ப் பார்த்தேன். ஆமாஞ்சாமி கட்டிய அடுப்படி கண்ணைப் பறித்தது, பொய் சொல்லக்கூடாது, சுவரில் முகம் பார்த்துத் தலை வாரலாம் அப்படி ஒரு பளபளப்பு. ஆனால் அந்த வீட்டம்மா கையிலிருந்த தரை துடைக்கிற கட்டையைக் கீழே வைக்கவே இல்லை. பேசிக்கொண்டே துடைக்கிறாள், துடைத்துக்கொண்டே பேசுகிறாள். மூலையில் தண்ணீர் தேங்குதுங்க, சாய்வு சரியா விடல, நாலு தடவை கூப்பிட்டோம், பண்ணிடலாம்மாங்கறார் என்றாள். தம்பியின் ஆள் எடுத்த வீட்டில் அடுப்பு கூடத்தில் இருக்கிறது, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நின்று ஒரு பெண் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள், துணிமணியெல்லாம் வெங்காய வாசனை. எப்போது முடியும் என்று கேட்டேன். அவள் வாணலியைக் கிளறிக்கொண்டே சிரித்தாள், சிரிப்பில் உயிர் இல்லை.

மூன்றாவது ஆளைச் சொன்னது கணக்கு டீச்சர், பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் நம்மிடம்தான் சீருடை தைக்கக் கொடுப்பாளே, நெற்றியைச் சுருக்கிக்கொண்டே பேசுவாளே, அவள்தான். என் வீட்டை அவர்தான் மாத்திக் கட்டினார், வேலை சரி, வாய் சரியில்ல, பாத்துக்குங்க என்றாள். அவள் வீட்டை முன்கூட்டியே போய்ப் பார்த்தேன். பளபளப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அலமாரிக் கதவு இழுத்த இழுப்புக்கு வந்தது, தள்ளினால் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது, தண்ணீரைத் தரையில் ஒரு சொம்பு ஊற்றிக் காட்டினாள், வழி தெரிந்த மாதிரி ஓடிப் போய்விட்டது. சரி, வாய்தானே, நம் வாய் மட்டும் என்ன வாழ்கிறது என்று வரச்சொன்னேன். வந்தார். முசுடு என்றால் அப்படி ஒரு முசுடு. வாங்க என்றேன், அதற்கு ஒரு தலையசைப்பு. தேநீர் கொடுத்தேன், குடித்துவிட்டு டம்ளரை ஜன்னலில் வைத்தார், நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. ஜன்னலைப் பெரிதாக்க முடியுமா என்றேன், முடியாது, மேல வெயிட் நிக்குது என்றார். தொட்டியை எதிர்ப்பக்கம் மாற்றமுடியுமா என்றேன், எதுக்கு என்றார். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை, ஆமாஞ்சாமியிடம் கேட்டுப் பழகிவிட்டதில் கேட்டுவிட்டேன். ஆனால் மனுஷன் மட்டக்கோலைச் சுவரில் வைத்துப் பார்த்தார், குழாயைத் திறந்து தண்ணீர் போகிற சத்தத்தைக் கேட்டார், குத்துக்காலிட்டு உட்கார்ந்து தொட்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது தலைமுடியெல்லாம் ஒட்டடை. சுருக்கமில்லாத சட்டைக்காரர் அங்கே குனியவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

இனி நடந்ததைக் கவனமாகப் படி. மேடை எவ்வளவு உயரம் வேண்டும் என்று ஆமாஞ்சாமி கேட்டபோது நான் யோசிக்காமல் ஓர் அளவு சொன்னேன், எழுதிக்கொண்டார். தம்பியின் ஆள் கேட்டபோதும் அதே அளவைச் சொன்னேன், அவனும் எழுதிக்கொண்டான். இவரிடமும் அதையே சொன்னேன். இவர் எழுதவில்லை. என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார், சுண்ணாம்புக்கட்டியை எடுத்துச் சுவரில் அந்த உயரத்துக்கு ஒரு கோடு போட்டார், இப்படி வந்து நில்லுங்கம்மா, கையை மடக்குங்க என்றார். நின்றேன், மடக்கினேன். கோடு என் முழங்கைக்கும் மேலே போய் நின்றது. அவர் கோட்டையும் பார்த்தார் என்னையும் பார்த்தார். இது உங்க அளவு இல்லையே, யாரோட அளவு இது என்றார்.

பாப்பா, அப்போதுதான் எனக்கே உறைத்தது. அது உன் அளவு. நீ அப்பாவைக் கொண்டு நெடுநெடுவென்று வளர்ந்தவள், பழைய மேடையில் நின்று காய் நறுக்கும்போதெல்லாம், குனிஞ்சு குனிஞ்சு என் முதுகே போச்சு, இது மேடையா இல்ல பொம்மை வீட்டுச் சாமானா என்று என்னைத் திட்டுவாயே. புது மேடை என்றதும் என் மனசு என்னைக் கேட்காமலே உன்னை நிமிர்த்தி நிற்கவைத்துவிட்டது போலிருக்கிறது. உனக்குத் தொட்டில் சட்டையிலிருந்து நீ விமானம் ஏறியபோது போட்டிருந்த குளிர்க்கோட்டுவரை தைத்தவள் நான், உன் தோளிலிருந்து முழங்கை எவ்வளவு, முழங்கையிலிருந்து தரை எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் அளவு எனக்குத் தெரியாது. எனக்கு நானே தைத்துக்கொள்ளும்போது பழைய சட்டையை மேலே போட்டு வெட்டிவிடுவேன், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் அளவெடுத்தவள், தன் வீட்டு மேடைக்கு, இங்கே இல்லாதவளின் அளவை, அதுவும் மூன்று பேரிடம் மாறாமல் கொடுத்திருக்கிறேன். இந்தக் கூத்து வேறு எந்த வீட்டில் நடக்கும் சொல்.

என் மகளோட அளவு என்றேன். அவங்க இங்கதான் இருக்காங்களா என்றார். வெளிநாட்டில் இருக்கிறாள், வருவாள் என்றேன். எப்ப என்றார். ஒரு கான்ட்ராக்டர் கேட்கிற கேள்வியா இது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எப்போது வந்தால் உமக்கென்ன, சொன்ன உயரத்துக்குக் கட்ட முடியுமா முடியாதா என்றேன். முடியாதும்மா, கட்டிக் குடுத்தா நீங்க தினமும் தோளைத் தூக்கிக்கிட்டு நிப்பீங்க, ஆறு மாசத்துல கை வலிக்குதுன்னு என்னைத்தான் தெருவுல நிக்கவெச்சுத் திட்டுவீங்க, எனக்கு இது ஒரு வீட்டுல ஏற்கெனவே ஆச்சு, வேற ஆளைப் பாத்துக்குங்க என்றார். அப்படியே ஆகட்டும், வாசல் அந்தப் பக்கம் என்று நான் சொன்னேன். அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார். நானும் அன்று சாயங்காலமே, சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆமாஞ்சாமிக்கே கொடுத்துவிடுவது என்று முடிவுகட்டிவிட்டேன். மூலையில் தண்ணீர் தேங்கினால் தேங்கட்டும், நானும் ஒரு துடைக்கிற கட்டை வாங்கிக்கொள்கிறேன் என்று வீம்பு. உன் அப்பா இத்தனைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், அப்பா எனக்கு முன்னால் எழுந்து அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறார். பழைய மேடைமேல் என் நூல்கண்டுப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் காய் நறுக்குகிற பலகையை வைத்து, சுவரில் இருந்த சுண்ணாம்புக் கோட்டுக்குச் சரியாக வருகிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன விளையாட்டு இது என்றேன். ஒண்ணுமில்ல, இன்னைக்கு ஒருநாள் இதுமேலயே நறுக்கிப் பாரேன் என்றார். செய்து காட்டுகிறேன் பார் என்று வெங்காயம், கேரட், பீன்ஸ் என்று இருந்ததையெல்லாம் நறுக்கித் தள்ளினேன். பாதி நறுக்குவதற்குள் வலது தோள் இறுகிக்கொண்டது. நீ கவலைப்படக்கூடாது என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை, மெஷினில் குனிந்து குனிந்து அந்தத் தோள் கொஞ்ச நாளாகவே சரியில்லை, கையைத் தூக்கி வேலை செய்யாதீங்க என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நானும் தைப்பதைக் குறைத்துக்கொண்டேன், பயப்படாதே. மத்தியானம் சோற்றுப் பானையை இறக்கமுடியாமல் அப்பாவைக் கூப்பிட்டேன். வந்தார், இறக்கினார், பார்த்தாயா என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அவ வருவாளா மாட்டாளான்னு அவகிட்டத்தான் கேக்கணும், அதைப் போய் மேடைகிட்ட கேட்டா அது என்ன சொல்லும்.

அன்றைக்கு மெஷினில் உட்கார்ந்தேன், ஒரு தையல்கூடப் போடவில்லை. பாப்பா, மனசில் இருப்பதை இருக்கிறபடி எழுதிவிடுகிறேன், நீ அழாமல் படிக்கவேண்டும், நான் அழுதுகொண்டுதான் எழுதுகிறேன் ஆனால் அது என் வயசுக்குச் செல்லும். எனக்கு நீ வேண்டும். உன் குரல் மட்டும் போதவில்லை, முகம் மட்டும் போதவில்லை, ஆள் வேண்டும். உன் அறையில் துணி மடித்து வைக்கப் போனால் வெளியே வர நேரமாகிறது. தெருவில் உன் உயரத்துக்கு யாராவது முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தால் கொஞ்சதூரம் பின்னாலேயே போய்விட்டுத் திரும்புகிறேன். ஒருநாள் அப்படிப் போய்க் காய் வாங்கவேண்டியதை மறந்து மருந்துக்கடை வாசலில் நின்றேன், கடைக்காரர் என்னம்மா வேணும் என்றார், என்ன சொல்வது, ஒரு தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று நீ சொல்லும்போதெல்லாம் சரி சரி என்கிறேனே, அந்தச் சரி எதுவும் சரியில்லை. உன் இஷ்டம் என்று சொன்னேனே, அதுவும் என் இஷ்டம் இல்லை. வந்துவிடு என்று சொல்லத்தான் வாய் வந்தது, அதனால்தான் போனை அப்பாவிடம் கொடுத்தேன்.

இப்படியெல்லாம் உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. நீ நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஒரு மேடை கட்டி நான் என்ன செய்வதாக இருந்தேன்? நீ வந்து நின்று சமைத்துக்கொட்டவேண்டும், நான் கால் நீட்டிச் சாப்பிடவேண்டும் என்றா? ராப்பகலாக ஆஸ்பத்திரி வேலை பார்த்து, கால் வீங்கி, ஆயிரம் மைல் தாண்டி வருகிற பிள்ளைக்கு நான் கட்டிவைக்கிறது இன்னொரு வேலை செய்யும் இடம்! எனக்கு உன் சமையல் வேண்டாம், அது அவ்வளவு ருசியும் இல்லை, அப்பா உன்னிடம் நன்றாக இருக்கிறது என்று சொன்னதெல்லாம் பாசத்தில் சொன்னது. நான் சமைக்கும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நறுக்கிவைத்ததை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, உன் கூட வேலை செய்கிறவர்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசவேண்டும், நான் கையைத் தட்டிவிடவேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. அதற்கு நீ நிற்கவே வேண்டாம்.

உடனே முசுடுக்குப் போன் போட்டேன். யாரு என்றார். வாசல் அந்தப் பக்கம் என்று சொன்னவள் என்றேன். சொல்லுங்கம்மா என்றார். கோவிச்சுக்கிட்டீங்களா என்றேன். கஸ்டமர் திட்டறதெல்லாம் தினம் நடக்கறதுதாம்மா, கட்டின சுவரு திட்டாம இருந்தாச் சரி என்றார். மனுஷனுக்குச் சிரிக்கத் தெரிந்திருக்கிறது, முகத்தில் காட்டத்தான் காசு கேட்பார் போல. வந்தார். இந்தத் தடவை நானே போய்ச் சுவரோரம் நின்று கையை மடக்கினேன். அவர் என் முழங்கைக்குக் கீழே ஒரு கோடு போட்டார். பழைய கோட்டுக்கும் இதற்கும் நடுவில் அரைச் சாணுக்கு மேல் இருந்தது. நீ என்னைவிட இவ்வளவு உயரம் என்று தெரியும், ஆனால் சுவரில் பார்த்தபோது என்னவோ போல் இருந்தது. வேணும்னா இந்த ஓரம் மட்டும் உயரமா வெச்சுத் தரட்டுமா, ரெண்டு பேருக்கும் ஆகும் என்று அவராகவே கேட்டார், வாய் சரியில்லாத ஆள் இல்லை பாப்பா, கணக்கு டீச்சருக்கு ஆள் தெரியவில்லை. வேண்டாம், முழுசும் என் உயரத்துக்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பழைய கோட்டை நானே முந்தானையால் அழித்தேன்.

ஆகவே நீ கேட்டதற்கு என் பதிலைச் சொல்கிறேன். கையெழுத்துப் போடு. படித்த படிப்புக்கும் பட்ட பாட்டுக்கும் வந்த இடம் அது, அதை விட்டுவிட்டு அம்மாவுக்குக் காய் நறுக்க வருகிறேன் என்று வந்து நின்றாயானால் நானே உள்ளே விடமாட்டேன். அம்மா வேண்டாம் என்று சொல்கிறாள் என்றும் எடுத்துக்கொள்ளாதே, மேலே எழுதியிருக்கிறதை இன்னொருதரம் படி. எனக்கு வேண்டும் என்பதற்காக நீ வராதே, உனக்கு வரவேண்டும் என்று இருக்கும்போது வா, நாலு நாளானாலும் சரி நாலு மாதமானாலும் சரி. இனி நான் எப்போது வருகிறாய் என்று போனுக்குப் போன் கேட்கமாட்டேன். கேட்டுவிட்டால் அப்பாவிடம் சொல், என்னை அதட்டச் சொல்லியிருக்கிறேன், அவருக்கு அதட்ட வருமா என்பது வேறு விஷயம்.

மற்றபடி செய்திகள். என் மெஷினைப் படுக்கையறைக்கு மாற்றியாகிவிட்டது, வேலை முடிகிறவரை கூடத்தில்தான் சமையல், வெங்காயம் வதக்குவதை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன், காரணம் உனக்குத் தெரியும். சின்ன மாமா மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, போன் செய்து நல்ல வார்த்தை சொல். அப்பா புதுக்கண்ணாடி போட்டுக்கொண்டதிலிருந்து, வீட்டில் இவ்வளவு தூசி இருக்கிறது என்று எனக்கே கண்டுபிடித்துச் சொல்கிறார். கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்திருக்கிறேன், ஆகவே எடுக்கவில்லை, எடுத்ததாகவும் நினைக்காதே. குளிரில் தலையை மூடிக்கொண்டு போ, இரவு வேலை முடிந்து வந்தால் நின்றபடியே எதையாவது வாயில் போட்டுக்கொண்டு படுக்காதே, உட்கார்ந்து சாப்பிடு. அங்கே வீடு எடுக்கும்போதும் உன் கான்ட்ராக்டரிடம் ஏதாவது ஒன்றுக்காவது முடியாது என்ற பதில் வருகிறதா என்று பார்த்துக்கொள். அடுப்படி மேடையை அங்கே உன் உயரத்துக்குக் கட்டிக்கொள், குனியாதே.

நீ எங்கே இருந்தாலும் உன் கால் போகிற வழியெல்லாம் நல்ல வழியாக இருக்கவேண்டும், உடம்பும் மனசும் நோகாமல் நீ நீடூழி இருக்கவேண்டும் என்று நானும் அப்பாவும் நினைக்காத நாள் இல்லை. கடைசியாக ஒரே ஒரு வேலை உனக்கு, மறந்துவிடாதே. மேடைக்கும் ஜன்னலுக்கும் நடுவில், என் இடதுகைப் பக்கம், சுவரோடு சேர்த்து ஓர் ஆள் உட்கார ஒரு திண்டு கட்டச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு உயரம் என்று கேட்டார், யாரோட அளவு என்பதையும் அவரே கேட்டுவிட்டார். என் மகளோடது என்றேன், இந்தத் தடவை மறுபேச்சுப் பேசாமல் எழுதிக்கொண்டார். உன் இடுப்பு இளைத்திருக்கலாம், கால் மாறியிருக்காது என்று பழைய அளவைத்தான் சொல்லியிருக்கிறேன், இருந்தாலும் எனக்குச் சந்தேகம். கொத்தனார் இன்னும் மூன்று நான்கு வாரத்தில் அந்த மூலைக்கு வந்துவிடுவார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாதத்திலிருந்து முழங்கால் மடிப்புவரை டேப் வைத்துப் பார்த்து எழுது. வருகிற தேதி வேண்டாம், அளவை மட்டும் அனுப்பு.

இப்படிக்கு,
உன் வரவைக் கேட்காமல் கேட்கிற
அம்மா